ட்ராம் தடத்தில் நின்ற கார், வீட்டுக்கு வந்த இரண்டு கடிதங்கள்

தென் லண்டனில் வசிக்கும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

"குரொய்டன் நகர மையத்தில் ஒரு மாலை நேரம். சிக்னல் பச்சையாக இருந்தது. முன்னால் போன காரின் பின்னாலேயே நானும் சந்திக்குள் நுழைந்தேன். அப்பால் நெரிசல். என் கார், வாகனம் நிற்கக் கூடாதென்று தரையில் மஞ்சள் கோடு போட்ட பெட்டிக்குள், ட்ராம் தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டது. ட்ராம் வந்து மணியடித்துக்கொண்டு காத்து நின்றது. அரை நிமிடம்கூட இருக்காது. இப்போது கவுன்சிலிலிருந்து 160 பவுண் அபராதக் கடிதம் வந்திருக்கிறது. கார் கணவரின் பெயரில் பதிந்திருப்பதால் கடிதமும் அவர் பெயருக்குத்தான். பச்சை விளக்கில் போனது எப்படிக் குற்றமாகும்? அவருடைய லைசென்ஸில் தண்டனைப் புள்ளி விழுமா?

இது போதாதென்று, எங்களோடு தங்கியிருக்கும் என் பெறாமகன் அடுத்த வாரம் அதே காரை இரவில் எடுத்துப் போனான். சட்நவ் (காரில் வழி சொல்லும் கருவி) நேரே போகச் சொன்னது என்று, முன்னால் போன ட்ராமின் பின்னாலேயே ட்ராம் மட்டும் போகும் தடத்துக்குள் இறங்கிவிட்டான். எதிரே வந்த இன்னொரு ட்ராம் சடாரென்று பிரேக் பிடித்து நின்றதாம். பயந்து, பின்பக்கமாகவே காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கமராவில் நம்பர் பதிந்திருக்க வேண்டும். காரை ஓட்டியது யார் என்று கேட்டுப் பொலிஸிடமிருந்து படிவம் வந்திருக்கிறது. அவன் டெஸ்ட் பாஸ் பண்ணி எட்டு மாதம்தான். என் கணவர் இருபது வருடமாக ஓட்டுகிறார், ஒரு புள்ளிகூட இல்லை. அவர் ஓட்டியதாக எழுதிவிட்டால் பிள்ளையின் லைசென்ஸ் தப்பும் என்று வீட்டில் பேசிக்கொள்கிறோம். இதில் ஏதும் பிரச்சினை வருமா?"

இவற்றோடு, ட்ராம் ஓடும் தெருவில் இருக்கும் தங்கள் கடைக்குச் சாமான் இறக்குவதைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி அந்த 160 பவுணைப் பற்றியது. கணவர் ஓட்டியதாக எழுதலாமா என்பது கடைசியில் இரண்டு வரியில் வருகிறது. நான் அந்த இரண்டு வரியிலிருந்துதான் தொடங்கப்போகிறேன். கவுன்சிலின் கடிதத்தில் நீங்கள் அதிகபட்சம் இழக்கப்போவது பணம். பொலிஸ் படிவத்தில் பொய் எழுதினால் உங்கள் கணவர் சிறைக்குப் போகக்கூடும்.

பொலிஸ் படிவம்

எழுதாதீர்கள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டாத ஒருவர் ஓட்டியதாகக் கையெழுத்திடுவது போக்குவரத்துக் குற்றம் அல்ல, நீதியின் போக்கைக் குலைத்த குற்றம். கையெழுத்திட்டவர், உண்மையில் ஓட்டியவர், ஏற்பாடு செய்தவர் மூவரும் அதில் மாட்டுவார்கள். அமைச்சராக இருந்த கிறிஸ் ஹியூன், 2003இல் வேகமாக ஓட்டியதற்கான புள்ளிகளைத் தன் மனைவி விக்கி பிரைஸ் பெயரில் போட்டுவிட்டார். பத்து வருடம் கழித்து, 2013இல், இருவருக்கும் தலா எட்டு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவருக்கும் தொடக்கத்தில் அது வெறும் மூன்று புள்ளிப் பிரச்சினைதான். உங்கள் விஷயத்தில் ட்ராமின் முன்பக்கக் கமரா, தெருக் கமரா, பெறாமகனின் கைத்தொலைபேசி இருந்த இடம், சட்நவ் பதிவு என்று இத்தனை சாட்சிகள் இருக்கின்றன.

சரி, படிவத்தைத் திருப்பி அனுப்பாமலே விட்டால்? பலரும் இப்படிக் கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். ஓட்டியவர் யார் என்பதை 28 நாளுக்குள் சொல்ல வேண்டியது வாகனத்தைப் பதிந்து வைத்திருப்பவரின் சட்டக் கடமை. சொல்லத் தவறினால் உங்கள் கணவருக்கே ஆறு புள்ளிகள், 1,000 பவுண் வரை அபராதம். இந்தக் குற்றப்பதிவைக் கண்டால் காப்புறுதிக் கம்பனிகள் கட்டணத்தை ஏற்றிவிடும்.

உங்கள் குடும்பத்தில் எல்லாரும் ஒரு விஷயத்தைத் தவறாக விளங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பெயரைக் கொடுப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது அல்ல. படிவம் கேட்பது ஓட்டியது யார் என்பதை மட்டும்தான். கணவர் பெறாமகனின் பெயரை எழுதி அனுப்பினால், அடுத்து அவனுக்கே ஒரு படிவம் வரும். அவனும் ஓட்டியது தான்தான் என்று உறுதிப்படுத்த வேண்டும். அதன்பிறகுதான் குற்றச்சாட்டு என்ன, அதை ஏற்பதா மறுப்பதா என்ற பேச்சே வரும்.

இனி அவனுடைய லைசென்ஸ். டெஸ்ட் பாஸ் பண்ணிய இரண்டு வருடத்துக்குள் ஆறு புள்ளிகள் சேர்ந்தால் லைசென்ஸ் ரத்தாகும். எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டையும் மறுபடி எழுத வேண்டிவரும். நீங்கள் பயப்படுவது இதற்குத்தான், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஆறு புள்ளி நிச்சயம் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். கவனமின்றி ஓட்டியதாகக் குற்றம் சாட்டினால் மூன்று முதல் ஒன்பது புள்ளிகள் வரை உண்டு. நீதிமன்றம் போகாமல் முடிக்கும் அபராதமாகத் தந்தால் 100 பவுணும் மூன்று புள்ளியும். சில வேளை பொலிஸே ஒரு பயிற்சி வகுப்புக்குப் போகும் வாய்ப்பைத் தருவார்கள். போய் முடித்தால் புள்ளியே இல்லை. அது அவர்கள் விருப்பம், கேட்டு வாங்கும் உரிமை இல்லை. கார் புகுந்த இடம் சட்டப்படி பொதுவீதியா, ட்ராமுக்கு மட்டும் ஒதுக்கிய நிலமா என்பதைப் பொறுத்துக் குற்றப் பிரிவே மாறலாம். அதனால், குற்றச்சாட்டு வந்தபின் ஏற்பதற்கு முன்னால், போக்குவரத்து வழக்கு பார்க்கும் ஒரு சட்டத்தரணியிடம் அவன் நேரில் போக வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள்.

சட்நவ் சொன்னது என்பது சட்டத்தில் சாக்கு ஆகாது. தண்டனையைக் குறைக்கச் சொல்லும்போது ஒரு வரி சேர்க்கலாம், அவ்வளவுதான். சாரதிகளுக்கான அரசாங்கக் கையேடான ஹைவே கோட்டில் 300 முதல் 307 வரையான விதிகள் ட்ராமுக்கென்றே இருக்கின்றன. ட்ராம் வீதியை விட்டுத் தன் சொந்தத் தடத்துக்குத் திரும்பும் இடத்தில் அதன் பின்னால் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதில் அப்படியே எழுதியிருக்கிறது. உங்கள் பையன் செய்தது அச்சொட்டாக அதுதான். நீல வட்டத்துக்குள் வெள்ளை ட்ராம் படம் இருக்கும் பலகை, இதற்கு மேல் உனக்கு வழியில்லை என்று காருக்குச் சொல்லும் பலகை. வெள்ளை விளக்கில் கோடு கோடாக எரியும் சிக்னலும் சாய்சதுரப் பலகைகளும் ட்ராம் ஓட்டுநருக்கு மட்டும். அந்த வெள்ளைக் கோடு நிமிர்ந்து நின்றால் ட்ராம் போகலாம், படுத்திருந்தால் நிற்க வேண்டும். கார்க்காரர் அதைப் பார்த்து நகரக் கூடாது.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, அவன் பெயர் காப்புறுதியில் சேர்க்கப்பட்டிருக்கிறதா? இதை நீங்கள் சொல்லவேயில்லை. இல்லையென்றால் நிலைமை வேறு: காப்புறுதியில்லாமல் ஓட்டியதற்கு ஆறு முதல் எட்டுப் புள்ளிகள், காரைக் கொடுத்த கணவருக்கும் அதே. பத்திரத்தை எடுத்து இன்றே பாருங்கள். பெயர் இருந்தாலும் நடந்ததைக் கம்பனிக்குச் சொல்ல வேண்டும். இழப்பீடு கேட்காவிட்டாலும் சம்பவத்தைச் சொல்லத்தான் வேண்டும் என்று பெரும்பாலான பத்திரங்களில் நிபந்தனை இருக்கிறது.

இரண்டாவது, "யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் பையன் பார்த்தது கார்க் கண்ணாடி வழியே ட்ராமின் முன்பக்கத்தை. ஏறக்குறைய முப்பது மீட்டர் நீளமான அந்த வண்டிக்குள் ஆட்கள் நின்றுகொண்டு வருவார்கள், ஒருவருக்கும் சீட் பெல்ட் கிடையாது. சடாரென்று பிரேக் பிடித்தால் கம்பியைப் பிடிக்காத வயதானவர் விழுவார், தள்ளுவண்டிப் பிள்ளை உருளும். அப்படி யாராவது காயப்பட்டிருந்தால், இடிபடாவிட்டாலும் அது விபத்து என்றே கணிக்கப்படலாம். நிற்காமல் வந்தது, பொலிஸுக்கு அறிவிக்காதது எல்லாம் தனிக் குற்றச்சாட்டுகளாக வரும். அப்படி நடந்திருக்கிறது என்று சொல்ல வரவில்லை. பொலிஸ் எழுதிய கடிதத்தை ஆறுதலாக வாசியுங்கள்; எந்தக் குற்றத்தை விசாரிக்கிறார்கள் என்று அதில் போட்டிருக்கும்.

ட்ராம் கம்பனி வந்து பெரிய தொகை கேட்குமோ என்றும் பயந்திருக்கிறீர்கள். தண்டவாளத்துக்கோ வண்டிக்கோ சேதம் ஏற்பட்டிருந்தால் கேட்கலாம். அதைக் காப்புறுதிக் கம்பனிதான் பார்த்துக்கொள்ளும். வேலைக்குப் பிந்தியவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பில் அனுப்ப முடியாது. பொருளுக்கோ உடம்புக்கோ சேதம் இல்லாத வெறும் தாமத நட்டத்துக்கு இங்கிலாந்துச் சட்டம் பொதுவாக ஈடு தருவதில்லை.

கவுன்சிலின் கடிதம்

இதில் மனதைக் கொஞ்சம் இலேசாக்கலாம். இது சிவில் அபராதம். குற்றப்பதிவு இல்லை, புள்ளி இல்லை, கணவரின் லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகாது. ஓட்டியது யார் என்றும் கவுன்சில் கேட்காது. வாகனம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு.

நீங்கள் கேட்டது பச்சை விளக்கைப் பற்றி. பச்சை என்றால் நுழையலாம், ஆனால் அப்பால் போக இடம் இருந்தால் மட்டும். மஞ்சள் பெட்டிக்கான சட்டம் நிறத்தைப் பேசவே இல்லை. நின்றுகொண்டிருக்கும் வாகனங்களால் பெட்டிக்குள் நிற்க வேண்டிவரும் வகையில் நுழையக் கூடாது என்கிறது. அதாவது, பெட்டியின் மறுகரையில் உங்கள் கார் முழுதாக நிற்க இடம் இருக்கிறதா என்பதை நுழைவதற்கு முன்னாலேயே நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்னால் போகிறவர் நகர்வார் என்ற நம்பிக்கையில் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால், அவர் நின்ற கணத்தில் நீங்கள் மாட்டிக்கொள்கிறீர்கள்.

ஆனால் அதே வாசகத்திலேயே உங்களுக்கு உதவக்கூடிய இடமும் உண்டு. "நிற்கும் வாகனங்களால்" என்பது முக்கியம். நடைபாதையிலிருந்து ஒருவர் திடீரென்று குறுக்கே இறங்கியதால் நின்றிருந்தால், அது இந்தக் குற்றமே அல்ல. வலப்பக்கம் திரும்பக் காத்திருந்து, எதிரே வரும் வாகனங்களுக்காகப் பெட்டிக்குள் நின்றிருந்தால் அதற்கு விலக்கு உண்டு. நீங்கள் நுழைந்தபோது அப்பால் இடம் இருந்தது, பக்கத்து ஒழுங்கையிலிருந்து வேறொரு கார் வெட்டி வந்து அதைப் பிடித்துக்கொண்டது என்றால், அதையும் வாதமாக வைக்கலாம். வெல்லும் என்று உறுதி தரமாட்டேன். அரை நிமிடம்தான் நின்றேன் என்பது பலவீனமான வாதம். இரண்டு மூன்று வினாடி என்றால் கேட்டுப் பார்க்கலாம், அரை நிமிடம் பெரிய நேரம். அதுவும் ட்ராம் காத்து நின்றது வீடியோவில் தெரிந்தால் அனுதாபம் கிடைக்காது.

ஆகவே முதலில் வீடியோவைப் பாருங்கள். கடிதத்தில் இருக்கும் இலக்கத்தைப் போட்டால் கவுன்சில் இணையதளத்தில் பார்க்கலாம். கணவரும் கூட இருந்து பார்க்கட்டும். நம் நினைவில் இருப்பதும் கமரா காட்டுவதும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் சொன்னபடியே வீடியோவும் இருந்தால், என் ஆலோசனை: கட்டிவிடுங்கள். 14 நாளுக்குள் கட்டினால் பாதி, 80 பவுணோடு முடியும். மேலே சொன்ன ஏதாவது ஒன்று வீடியோவில் தெரிந்தால், 28 நாளுக்குள் கணவரின் பெயரில் எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். கவுன்சில் நிராகரித்தால் லண்டன் ட்ரிபியூனல்ஸ் என்ற சுயாதீன அமைப்பிடம் மேன்முறையீடு செய்யலாம்; கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. 14 நாளுக்குள்ளேயே ஆட்சேபித்தவர்களுக்கு, நிராகரித்த பிறகும் பல கவுன்சில்கள் பாதித் தொகையை மறுபடி ஏற்கின்றன. அது அவர்கள் தயவு. ட்ரிபியூனல் வரை போய்த் தோற்றால் முழுத் தொகைக்கும் தயாராக இருங்கள்.

செய்யக் கூடாதது, கடிதத்தை லாச்சிக்குள் போட்டு வைப்பது. "கவுன்சில் காசு பிடுங்கத்தான் அனுப்புகிறது, பேசாமல் விட்டால் மறந்துவிடும்" என்று உங்கள் அயலவர் சொன்னாராம். மறக்காது. 160 ஐம்பது சதவீதம் ஏறி 240 ஆகும், பிறகு கடன் வசூலிப்பவர்கள் கதவைத் தட்டுவார்கள், அவர்கள் கட்டணம் தனி. வீடு மாறியவர்கள் வாகனப் பதிவில் முகவரியை மாற்றாமல் விட்டு இப்படித்தான் சிக்குகிறார்கள்.

ஏன் தடுப்புக் கம்பம் போடவில்லை?

கோபத்தோடு கேட்டிருக்கிறீர்கள்: இவ்வளவு ஆபத்தென்றால் ஊரில் ரயில் கடவைக்குப் போடுவதுபோல இங்கேயும் கேட் போட வேண்டியதுதானே? நியாயமான கேள்வி. ஆனால் நகரத் தெருவில் ஓடும் ட்ராமை ரயிலாக நினைக்கக் கூடாது. சில நிமிடத்துக்கொன்று வருகிறது. ஒவ்வொன்றுக்கும் கேட் விழுந்தால் வீதி இறுகிப்போகும், அந்த நெரிசலே பிறகு தண்டவாளத்தின் மேல் வந்து நிற்கும். அதனால்தான் ஓட்டுநர் கண்ணால் பார்த்து ஓட்டுகிறார், சந்திகளில் சிக்னல் ட்ராமுக்கு முன்னுரிமை கொடுக்கிறது, கார் வரக் கூடாத இடத்தில் சரளைக் கல்லும் பலகையும் போடுகிறார்கள், மிச்சத்தைக் கமராவும் அபராதமும் பார்க்கின்றன.

பஸ்ஸைப் போல அது கொஞ்சம் ஒதுங்கிப் போயிருக்கலாமே என்று கேட்டிருந்தீர்கள். தண்டவாளத்தில் ஓடுவது எங்கே ஒதுங்கும்? பஸ் உங்களைச் சுற்றிப் போய்விடும்; ட்ராம் நீங்கள் நகரும்வரை நிற்க வேண்டும், அதன் பின்னால் வருவதும் நிற்க வேண்டும். குரொய்டனில் இது இன்னும் மோசம். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தச் சேவையில் நியூ அடிங்டன், பெக்கன்ஹம் ஜங்ஷன், எல்மர்ஸ் எண்ட் கிளைகள் மூன்றும் ஈஸ்ட் குரொய்டன் வழியாகத்தான் நகரத்துக்குள் வருகின்றன. நடுவில் ஒரு கார் மறித்தால் மூன்று கிளைக்காரரும் மாட்டுவார்கள். உங்கள் அரை நிமிடம் பெரிய குற்றம் என்று நான் சொல்லவில்லை. மாலை நேரத்தில் ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒருவர் அப்படி அரை நிமிடம் நின்றால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்துத்தான் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

எப்போதாவது கார் தடத்தின் மேல் பழுதாகி நின்றுவிட்டால், காரைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். எல்லாரும் உடனே இறங்கித் தண்டவாளத்தை விட்டு விலகி நில்லுங்கள், 999க்கு அழையுங்கள். மேலே போகும் கம்பியில் 750 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. அது அறுந்து தொங்கினால் அருகே போகாதீர்கள்.

கடை வாசலில் வான்

சாமான் வான் நான்கு விளக்கையும் மினுக்கவிட்டு ஐந்து நிமிடம் நிற்பதில் தவறில்லை என்று கணவர் நினைக்கிறார். அந்த விளக்கு நிறுத்த அனுமதி தருவதில்லை. ட்ராமுக்கு இடைஞ்சலாக நிறுத்தவே கூடாது; வானின் பக்கக் கண்ணாடி நீட்டிக்கொண்டிருந்தாலும் ட்ராமின் வழியில் வந்துவிடும். தடத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடோ மஞ்சள் புள்ளியோ வேறு நிறத் தரையோ இருந்தால், அந்த எல்லை வரை ட்ராமின் உடம்பு வரும் என்று அர்த்தம். சாமான் இறக்கும் நேரமும் இடமும் தெருப் பலகையில் இருக்கும். அது உங்கள் வியாபாரத்துக்குப் பொருந்தாவிட்டால், மற்றக் கடைக்காரரையும் சேர்த்துக்கொண்டு நேரத்தை மாற்றித் தரும்படி கவுன்சிலுக்கு எழுதுங்கள். தனியாக எழுதுவதைவிட அதற்குப் பலன் அதிகம்.

இப்போது வேலைகளின் வரிசை. இன்றிரவே காப்புறுதிப் பத்திரத்தில் பெறாமகனின் பெயரைப் பாருங்கள். நாளை கணவர் பொலிஸ் படிவத்தில் உண்மையான பெயரை எழுதி, ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்பட்டும். கவுன்சில் கடிதத்தின் திகதியிலிருந்து 14 நாள் எப்போது முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் எனக்கு எழுதியபோதே ஒன்பது நாள் போயிருந்தது, ஆகவே இந்த வார இறுதிக்கு முன் வீடியோவைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். கடிதத்தை மட்டும் வைத்து என்னால் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பெறாமகனுக்கு அடுத்த கடிதம் வந்ததும், அதில் கையெழுத்திடுவதற்கு முன் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போகச் சொல்லுங்கள்.